வடிகாலை அடைக்க ஒரு நல்ல நாள்

வட ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஊர் ஹில்கன்ஃபேனில் ஒரு காரியம் நடக்கக் கூடாது என்றால் யாரும் அதை எதிர்க்க மாட்டார்கள். எதிர்த்தால் சண்டை வரும், சண்டை வந்தால் ஏதாவது ஒரு முடிவு வந்து தொலைக்கும். ஆகவே எல்லோரும் சேர்ந்து அந்தக் காரியத்தை ஆதரிப்பார்கள். அதற்கென்று ஒரு கூட்டமைப்பு தொடங்குவார்கள். பிறகு என் கடைக்கு வந்து, மாடி அறை காலியாக இருக்கிறதா, ஆப்பிள் கேக் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

நான் இம்கெ. கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடை என்னுடையது. ஓக்கோவின் வடிகாலைப் பற்றி என் மாடி அறையில் பேசிய பேச்சையெல்லாம் தண்ணீராக ஊற்றியிருந்தால் இங்கிருந்து வடகடல் வரை சதுப்பாகியிருக்கும். பேச்சு எங்கே தண்ணீராகிறது? கேக்தான் தீர்ந்தது.

ஓக்கோ பால் வண்டி ஓட்டியவர். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி ஆலையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெரிய வண்டி. நடுக்காட்டில் ஆள் அரவமே இல்லாத சந்தியில்கூடச் சிவப்பு விளக்கு எரிந்தால் நின்று, பச்சை வந்த பிறகே நகர்கிற மனிதர். ஓய்வு பெற்றபின் அவருக்கு என்று இருந்தது சதுப்பின் ஓரத்தில் ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி, அதன் குறுக்கே ஒரு வடிகால். அப்புறம் அந்தப் புல்வெளியில் வசந்தம்தோறும் வந்து முட்டையிடும் ஒரு ஜோடி வளைமூக்கன்.

வளைமூக்கன் கோழி அளவுப் பறவை. சாண் நீள அலகு, கீழ்ப்பக்கமாக வளைந்திருக்கும். அதை ஈரமண்ணில் செருகித்தான் இரை எடுக்க வேண்டும். மண் காய்ந்து இறுகினால் பட்டினி. கூட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றால் நரி வராது, காய்ந்தால் நேராக வந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற ஜோடிகளெல்லாம் போய்விட்டன. ஓக்கோவின் புல்வெளியில் இருந்ததுதான் கடைசி. இரண்டு வசந்தமாக மழை பொய்த்து, கரிமண் வெடித்து, ஒரு குஞ்சும் தங்கவில்லை.

இந்த நிலையில் ஒருநாள் அவர் என் கடையில் உட்கார்ந்து, மூன்றாவது கோப்பைத் தேநீரில் கற்கண்டு படபடவென்று வெடிப்பதைக் கேட்டுக்கொண்டே சொன்னார்:

"ரேடியோவுல கேட்டியா இம்கெ? சதுப்பையெல்லாம் காயவிட்டதாலதான் பூமி சூடாகுதாம். வடிகாலை அடைச்சுத் தண்ணியை நிறுத்துங்கன்னு பிரஸ்ஸல்ஸ்ல ஐரோப்பிய யூனியன்காரங்க சட்டமே போட்டுட்டாங்களாம். பெர்லின்லயும் அதையேதான் சொல்றாங்க."

"சொல்லட்டும். உனக்கென்ன?"

"எனக்கென்னவா? பழைய மாட்டுக் கொட்டகையோட ஓக் கதவு சும்மா கிடக்கு. அதை வடிகால் வாயில இறக்கிட்டா முடிஞ்சுது. அரைநாள் வேலை. அவங்க கேக்கறாங்க, என்கிட்ட இருக்கு."

"அப்ப போய் இறக்கு. என்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"சொல்லாம கொள்ளாம எப்படி? முறையாப் போய்க் கேட்டுட்டே செய்வோம். சந்தோஷப்படுவாங்க."

அவர்கள் சந்தோஷப்படத்தான் செய்தார்கள். அங்கேதான் வினை பிடித்தது.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் சம்பந்தப்பட்ட எதுவும் வடிகால் சபையைத் தாண்டி நகராது. முந்நூறு வருடமாகத் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்பதைத் தவிர வேறு யோசனையே வராத சபை. அதன் தலைவர் டியார்க்ஸ். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். ஓக்கோ கதவைப் பற்றிச் சொன்னதும் அவர் எழுந்து நின்று ஓக்கோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"யோவ் ஓக்கோ! இந்த ஊர்ல இப்படி ஒரு மனுஷன் வரமாட்டானான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். ஆனா ஒத்தை ஆளா பண்ணினா அது வெறும் கதவுய்யா. எல்லாரும் சேர்ந்து பண்ணினாத்தான் அது காலநிலைத் தகவமைப்பு!"

ஒரே மாதத்தில் 'ஹில்கன்ஃபேன் சதுப்பு எதிர்காலக் கூட்டமைப்பு' பிறந்தது. தண்ணீர் விஷயத்தில் அனுபவமுள்ளவர் தலைவராக வேண்டும் என்றார்கள். அனுபவமுள்ளவர் டியார்க்ஸ்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அழுகிற ஓநாய்க்குத் தலைவர் பதவி கொடுத்ததை என் கடை மாடியில்தான் பார்த்தேன். வடிகால் சபைக்கு அவர் நீலத் தொப்பி போடுவார். கூட்டமைப்புக்கென்று ஒரு பச்சைத் தொப்பி தைத்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து குழப்பிவிடக் கூடாதல்லவா.

மாநிலத் தலைநகரிலிருந்து காலநிலைத் தகவமைப்பு மேலாளர் என்று டாக்டர் லோசெ வந்தார். சின்ன வயதுப் பெண், மனதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தேநீரைக் கரண்டியால் கலக்கினார். எங்கள் ஊரில் கற்கண்டின் மேல் தேநீர், தேநீரின் மேல் பாலாடை, அதை அப்படியே குடிக்க வேண்டும். அவர் கலக்கக் கலக்க அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். ஆளுக்கொரு வண்ண அட்டை. 'சதுப்பு எனக்கு என்ன?' என்று ஒரே வார்த்தையில் எழுத வேண்டும். ஆசிரியர் ஒருவர் 'தாயகம்' என்று எழுதினார். வங்கி மேலாளர் 'வாய்ப்பு' என்றார். டியார்க்ஸ் 'நாம்' என்று எழுதிவிட்டுத் தன் எழுத்தைத் தானே கொஞ்ச நேரம் ரசித்தார். ஓக்கோ 'தண்ணீர்' என்று எழுதினார். டாக்டர் லோசெ அட்டைகளை உணர்வு, அடையாளம், பொருளாதாரம் என்று பிரித்துப் பலகையில் குத்தினார். 'தண்ணீர்' எதிலும் சேரவில்லை. கொஞ்சம் யோசித்து அதை 'இதர' என்பதன் கீழே குத்தினார்.

"நல்லது. எல்லாரும் ஒரே பக்கம்தான் இருக்கோம்," என்றார் லோசெ.

"அப்ப எப்ப அடைக்கலாம் டாக்டரம்மா?" என்றார் ஓக்கோ. "ஒரு நாள் சொல்லுங்க, நான் தயார்."

நாள் பார்க்கிற வேலை இப்படித்தான் தொடங்கியது. கேக் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"மார்ச் ஒண்ணாந்தேதிலேர்ந்து ஜூலை முடியற வரைக்கும் முடியாது. பறவைங்க குஞ்சு பொரிக்கிற காலம். சதுப்புல எந்தக் கட்டுமான வேலையும் செய்யக் கூடாது," என்றார் லோசெ.

"பறவைக்குத்தானேம்மா அடைக்கிறதே!"

"அதனாலதான் இவ்வளவு கவனமா இருக்கோம்."

"சரி. ஆகஸ்ட்?"

"தவளைக் குட்டிங்க இடம் மாறுற மாசம்."

"செப்டம்பர்?"

டியார்க்ஸ் பச்சைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். "செப்டம்பர்லேர்ந்து சபையோட வடிகால் பார்வை, ஒவ்வொண்ணா சோதிப்போம். பார்வை முடியற வரைக்கும் எல்லா வடிகாலும் ஓடிக்கிட்டு இருக்கணும்."

"நவம்பர்ல முடிஞ்சிடுமே?"

"முடிஞ்சதும் மழைக்காலத் தண்ணி வரும். அது வடியணுமா இல்லையா?"

"டிசம்பர்?"

"வருஷக் கடைசி. அந்த வருஷ நிதியை மூடிடுவாங்க," என்றார் லோசெ.

"ஜனவரி?"

"புது வருஷ நிதி இன்னும் திறந்திருக்க மாட்டாங்க."

"பிப்ரவரின்னு ஒண்ணு மிச்சம் இருக்கு," என்றார் ஓக்கோ. பாவம், குரலில் நம்பிக்கை இருந்தது.

"பிப்ரவரில நிலம் மெத்துமெத்துன்னு இருக்குமே. மிஷின் இறங்காது."

"மிஷின் எதுக்கு? கதவும்மா! நான் தோள்ல தூக்கிட்டுப் போய் இறக்கிடுவேன்."

டாக்டர் லோசெ தன் கணினியில் எதையோ தேடினார்.

"தோள்ல தூக்கிட்டுப் போறதைப் பத்தி விதி எதுவும் இல்லை."

"விதி இல்லைன்னா செய்யலாம்னுதானே அர்த்தம்?"

"இல்லைங்க. விதி இல்லைன்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்த முகமாகக் கலைந்தார்கள். வாசலில் டியார்க்ஸ் ஓக்கோவின் முதுகில் தட்டி, "மனசைத் தளரவிடாதய்யா, நல்லாத்தான் போகுது," என்றார்.

அந்த இலையுதிர்காலத்தில் வடிகால் பார்வை வழக்கம்போல நடந்தது. எங்கள் ஊருக்கு அது திருவிழா மாதிரி. சபைக்காரர்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நீளக் கழியோடு வடிகால் வடிகாலாகப் போவார்கள். கழியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். அடி தெரிய வேண்டும். நாணல் முளைத்திருந்தால் நிலத்துக்காரருக்குத் திட்டு விழும். எல்லாம் பார்த்து முடித்ததும் என் கடைக்கு வந்து பனியில் நனைந்த கோசுக்கீரையும் கொழுத்த சாசேஜும் தானியச் சாராயமுமாக வயிறு புடைக்கத் தின்பார்கள். யார் அதிகம் தின்கிறாரோ அவர்தான் அந்த வருடக் கீரை ராஜா. அவர் கழுத்தில் பன்றித் தாடை எலும்பை நாடாவில் கட்டித் தொங்கவிடுவார்கள். முந்நூறு வருட மரபு. அதில் மட்டும் யாரும் கூட்டமைப்பு தொடங்கியதில்லை.

ஓக்கோவின் வடிகாலுக்கு வந்ததும் டியார்க்ஸ் நீலத் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னய்யா இது? நாணல் மண்டிக் கிடக்கு! தண்ணி போற வழியா இது?"

"போகக் கூடாதுன்னுதானே போன மாசம் மாடில பேசினோம்?" என்றார் ஓக்கோ.

"அது கூட்டமைப்பு. இது சபை. ரெண்டையும் போட்டுக் குழப்பாத. சனிக்கிழமைக்குள்ள சுத்தம் பண்ணிடு. அடி தெரியணும்."

சிவப்பு விளக்கில் நிற்கிற மனிதர் வேறு என்ன செய்வார்? இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, எந்த வடிகாலை அடைக்க வேண்டும் என்று கெஞ்சினாரோ அதே வடிகாலைத் தன் கையாலேயே அரிந்து சுத்தம் செய்தார். சனிக்கிழமை கீரை விருந்தில் டியார்க்ஸ் பச்சைத் தொப்பியோடு எழுந்து, 'ஹில்கன்ஃபேனின் சதுப்பு முன்னோடி' என்று ஓக்கோவுக்குக் கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீரைச் சட்டியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். எந்தத் தொப்பி நனையும் என்ற குழப்பத்தில் விட்டுவிட்டேன்.

குளிர்காலம் முழுக்க ஓக்கோ பேசாமல் இருந்தார். பிப்ரவரி கடைசி நாள் சாயங்காலம் கடைக்கு வந்தார். கை முழுக்கச் சேறு. முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு களை. தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்திருந்தார்.

"இறக்கிட்டேன் இம்கெ."

"ஐயையோ. டியார்க்ஸ் சும்மா விடுவாரா?"

"இன்னைக்கு விடமாட்டாரு. நாளைக்கு மார்ச் ஒண்ணு," என்றார் ஓக்கோ.

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவருக்குச் சாராயம் ஊற்றி நானும் ஒன்று குடித்தேன்.

மறுநாள் காலை டியார்க்ஸ் நீலத் தொப்பியோடும் சபைக்காரர்களோடும் கழிகளோடும் வந்து நின்றார். கதவு வடிகாலின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"எடுங்கடா அதை!" என்றார்.

டாக்டர் லோசெ ஓடிவந்து குறுக்கே நின்றார். "முடியாதுங்க. குஞ்சு பொரிக்கிற காலம் தொடங்கிடுச்சு. சதுப்புல எந்த வேலையும் கூடாது."

"அவன் அனுமதி இல்லாம வெச்ச கதவும்மா அது!"

"நேத்து அது கதவு. இன்னைக்கு அது வாழிடத்தோட ஒரு பகுதி."

அவரை நான் முதல்முறையாக மனதார மெச்சினேன். கலக்கிக் குடித்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த வசந்தத்தை நான் மறக்கவே மாட்டேன். புல்வெளியில் தண்ணீர் தகடு தகடாக நின்றது. ஏப்ரலில் வளைமூக்கன் ஜோடி வந்து இறங்கியது. காலையில் ஜன்னலைத் திறந்தால் அதன் கூப்பாடு கேட்கும். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மேலே மேலே ஏறி, கடைசியில் கொதிக்கிற பால் பொங்கி வழிகிற மாதிரி. மே மாதம் நான்கு குஞ்சுகள் வெளிவந்தன. ஓக்கோ வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டு, பைனாகுலரை எனக்குத் தராமல் திரும்பவும் தானே பார்த்தார். நான்கும் ஈரத்தில் ஓடித் திரிந்தன. நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்.

கூட்டமைப்புக்கு பிரஸ்ஸல்ஸிலிருந்து நிதி வந்திருந்தது. கதவு இறக்க அதில் வழியில்லை, மண்டபம் கட்ட வழி இருந்தது. ஆகவே மார்ச்சுக்கு முன்பே ஓக்கோவின் புல்வெளிக்குப் பக்கத்தில் 'சதுப்பு அனுபவ மண்டபம்' கட்டியிருந்தார்கள். மரச்சுவர், புல் வேய்ந்த கூரை, உள்ளே ஒரு தூண். தூணில் பொத்தானை அழுத்தினால் ஒலிபெருக்கியில் வளைமூக்கன் கூப்பிடும். சதுப்புக்கு மறுபடி தண்ணீர் கொடுப்பதைக் கொண்டாடி மே மாதக் கடைசியில் அமைச்சரே வந்து அதைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கார் நிறுத்துமிடத்தைப் பார்வையிட வந்தவர்களின் கால் உள்ளே போனது. ஓக்கோவின் தண்ணீர் பக்கத்து நிலத்தையும் மெத்தையாக்கியிருந்தது. அமைச்சரின் கார், பேருந்துகள், தீயணைப்பு வண்டிக்கு வழி, சக்கர நாற்காலிக்குத் தடையற்ற பாதை, எல்லாவற்றுக்கும் உலர்ந்த, உறுதியான தரை வேண்டும் என்று விதி சொல்கிறது.

அவசரக் கூட்டம் என் மாடியில் நடந்தது. வந்தது டியார்க்ஸ் ஒருவர்தான், இரண்டு தொப்பியோடு. டாக்டர் லோசெ குறிப்பெடுத்தார், நான் தேநீர் கொடுத்தேன். முதலில் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு, கூட்டமைப்பின் சார்பில் நிறுத்துமிடத்தை உலர்த்தித் தருமாறு வடிகால் சபையைக் கேட்டுக்கொண்டார். பிறகு நாற்காலி மாறி உட்கார்ந்து நீலத் தொப்பியை மாட்டினார். கோரிக்கை தாமதமாக வந்ததற்காகப் பச்சைத் தொப்பி இருந்த நாற்காலியைக் கொஞ்சம் முறைத்தார். ஆனாலும் பொதுமக்கள் பாதுகாப்பு என்பதால் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார். திரும்பவும் பச்சைத் தொப்பி போட்டு நன்றி சொன்னார்.

"குஞ்சு பொரிக்கிற காலத்துல எந்த வேலையும் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று நான் லோசெயிடம் கேட்டேன்.

"கட்டுமான வேலைதான் கூடாது," என்றார் மெல்ல. "இது ஆபத்துத் தடுப்பு. அதுக்கு விலக்கு இருக்கு."

அடுத்த நாள் காலை கதவை எடுக்க வந்தபோது ஓக்கோ வடிகாலுக்குள் இறங்கிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"டாக்டரம்மா, நாலு குஞ்சு இருக்கு. இன்னும் பறக்கத் தெரியாது. தண்ணி வடிஞ்சா நரி வந்துரும்மா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்றார் லோசெ. கண்ணில் தண்ணீர் நின்றது, அதுவும் வழியாமல். "எனக்கும் ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு. அதை அறிக்கையில கண்டிப்பா எழுதறேன்."

"விழா முடிஞ்சதும் மறுபடி வெச்சிடலாம்ல?"

"முடியாதுங்க. எடுக்கறது ஆபத்துத் தடுப்பு. திரும்ப வைக்கறது கட்டுமானம்."

டியார்க்ஸ் மேலே நின்று கையை நீட்டினார். "ஏறி வாய்யா ஓக்கோ. விழால உனக்கு முதல் வரிசைல சீட்டு போட்டிருக்கேன்."

நான்கு பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள், பிறகு கதவைத் தூக்கினார்கள். தண்ணீர் போன சத்தம் என் கடை வரை கேட்டிருக்கும்.

விழா நாளில் வெயில் காய்ந்தது. தரை காய்ந்த ரொட்டி மாதிரி இறுகியிருந்தது. அமைச்சர் பேசினார்:

"அன்பு நண்பர்களே! சதுப்பு என்றால் சேறு, கொசு, ஆபத்து என்று பயந்த காலம் ஒன்று இருந்தது. இன்று நான் உங்கள் சதுப்பின் நடுவே நிற்கிறேன், என் காலணியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை! இதுதான் நவீனச் சதுப்பு! எங்களைப் பார்த்து, இயற்கைக்காக என்ன செய்தீர்கள் என்று இளைய தலைமுறை கேட்கிறது. நான் தயங்காமல் சொல்வேன்: இலக்கு வைத்தோம். அந்த இலக்கை எட்ட முடியாதபோது துவண்டுவிட்டோமா? இல்லை. இன்னும் பெரிய இலக்கு வைத்தோம்!"

கைதட்டல் அடங்கியதும் அவர் பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கியில் வளைமூக்கன் கூப்பிட்டது. உடனே காய்ந்த புல்வெளியிலிருந்து நிஜமான வளைமூக்கன் பதறிப் பதில் கூப்பிட்டது.

"ரெண்டாவது ஸ்பீக்கரும் வெச்சிருக்கீங்களா? பிரமாதம்!" என்றார் அமைச்சர்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓக்கோ தலையைக் குனிந்துகொண்டார்.

நரி அந்த வாரமே வந்தது. தடையற்ற பாதை அதற்கும்தான். கால் நனையாமல் நடந்து வந்து குஞ்சுகளைத் தின்றது. அடைகாத்துக் களைத்திருந்த பெண் பறவையையும் பிடித்துவிட்டது. இறகுகளை ஓக்கோ பொறுக்கினார். பாதுகாக்கப்பட்ட இனத்தின் இறகை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று லோசெ வருத்தத்தோடு சொன்னதால் பொறுக்கிய இடத்திலேயே திரும்பப் போட்டார்.

ஓக் கதவை மட்டும் அவர்கள் வீணாக்கவில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். 'குடிமக்கள் முயற்சி' என்று கீழே எழுதியிருக்கிறது. தொடாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வருடக் கீரை விருந்தில் டாக்டர் லோசெதான் கீரை ராஜா. பன்றித் தாடையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தேநீரைக் கலக்காமல் குடித்தார். ஊர்க்காரியாகிவிட்டார்.

அடுத்த ஏப்ரலில் ஆண் வளைமூக்கன் மட்டும் வந்தது. புல்வெளியில் இரை இல்லை, இருந்தும் வந்தது. மண்டபத்துத் தூணைச் சுற்றியே நின்றது. யாராவது பொத்தானை அழுத்தினால் பதில் கூப்பிட்டபடி ஓடி வரும், யாரும் இல்லை என்று பார்க்கும், நிற்கும். பறவைக்குத் தொந்தரவு என்று சீக்கிரமே ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள், ஜூலை முடியும் வரை. அதற்குப் பதிலாக வேலிக் கம்பத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டினார்கள். எத்தனை வளைமூக்கன் கூப்பிடுகிறது என்று அதுவே எண்ணி லோசெயின் கணினிக்கு அனுப்பிவிடுமாம். மனிதர் யாரும் வந்து பார்க்கத் தேவையில்லை.

ஒருநாள் காலை பால் வாங்கப் போனவள், புல்வெளி ஓரத்தில் ஓக்கோ இரண்டு விரலை வாயில் வைத்து நிற்பதைப் பார்த்தேன். தயங்கித் தயங்கி, பிறகு ஏறி, பொங்கி வழிகிற அதே கூப்பாடு. தூணருகே நின்ற பறவை தலையைத் தூக்கிப் பதில் சொன்னது.

"பைத்தியம் பிடிச்சிடுச்சா உனக்கு? அந்த ஜீவனை ஏன் ஏமாத்தற?"

"அதை ஏமாத்தல இம்கெ. அதுக்கு என்னைப் பாத்தாலே தெரியும், நான் பறவை இல்லைன்னு. கருவியைத்தான் ஏமாத்தறேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "டியார்க்ஸ் என்ன சொன்னாரு தெரியுமா? ஜோடி இல்லைன்னா இது வாழிடம் இல்லையாம். வாழிடம் இல்லைன்னா கூட்டமைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வடிகாலை இன்னும் ஆழமாத் தோண்டிச் சோளம் போட்டுடலாமாம். ஜோடி இருக்கற வரைக்கும்தான் கதவைப் பத்திப் பேசவாவது முடியும். ஒரு நாள் கிடைக்காமலா போகும்?"

மறுநாளிலிருந்து பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வருட அறிக்கையில், மண்டபம் திறந்த பிறகும் ஒரு ஜோடி வந்து தங்கியிருப்பதாக லோசெ எழுதினார். ஒன்று பறவை, ஒன்று பால் வண்டி ஓட்டுநர்.

இந்த வருடம் ஏப்ரல் வந்தது. மே வந்தது. ஓக்கோ தினமும் காலையில் புல்வெளியின் இந்த ஓரத்தில் நின்று விசிலடித்தார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பார். பிறகு வேலியைச் சுற்றி அந்த ஓரத்துக்கு நடந்துபோய், கொஞ்சம் மெல்லிய குரலில், பெண் பறவை மாதிரி, தனக்குத் தானே பதில் விசிலடிப்பார்.

மே மாதக் கூட்டம் என் மாடியில் நடந்தது. நாற்காலிகள் வட்டமாக. டாக்டர் லோசெ முகமெல்லாம் மலர்ந்து எழுந்தார்.

"ஒரு நல்ல சேதி. கருவியோட பதிவுகள் வந்திடுச்சு. நம்ம வளைமூக்கன் ஜோடி நிலையா இருக்கு. போன வருஷத்தைவிட அதிகமாவே கூப்பிடுது!"

எல்லோரும் கைதட்டினார்கள். டியார்க்ஸ் பச்சைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"இதுலேர்ந்து ஒரு முக்கியமான விஷயம் தெரியுது. வடிகால் ஓடிக்கிட்டிருக்கும்போதே ஜோடி நல்லாத்தான் இருக்கு. அப்ப, அடைக்கணும்கிற பேச்சுக்கே இனிமே அவசியம் இல்லை. அறிவியலே சொல்லிடுச்சு!"

ஓக்கோ சடாரென்று எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்தது.

"என்னய்யா? ஏதாவது சொல்லணுமா?" என்றார் டியார்க்ஸ்.

ஓக்கோ வாயைத் திறந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் கேக் தட்டைப் பிடித்தபடி அவரையே பார்த்தேன். சொன்னால் ஜோடி இல்லை, வடிகால் ஆழமாகும். சொல்லாவிட்டால் ஜோடி இருக்கிறது, வடிகால் ஓடும். அவர் உதடு விசிலடிக்கப் போகிற மாதிரி குவிந்து, திரும்பவும் தளர்ந்தது.

"ஒண்ணுமில்லை," என்றார். நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தேன். புல்வெளியின் இந்த ஓரத்திலிருந்து ஒரு கூப்பாடு கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. வயதான கால், வேலியைச் சுற்றிப் போக நேரமாகும். அப்புறம் அந்த ஓரத்திலிருந்து பதில் வந்தது.